எங்கள் கடைக்கு வந்த பக்கம்

பதில் சொல்வதற்கு முன்னால் அத்தை அப்பாவைப் பார்த்தாளா, இல்லையா? எனக்குச் சரியாக நினைவில்லை. பார்த்தாள் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கவில்லை என்கிறாள் அம்மா. "அவ எங்கடி பாத்தா? போட்டோ எடுக்கறவனைத்தான் பாத்துட்டு இருந்தா" என்கிறாள். அம்மா அன்று கடைக்குள்ளே துணி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நான் வெளியில், கூட்டத்தின் ஓரத்தில், வெயில் கண்ணில் அடிக்க நின்றிருந்தேன். எனக்கும் வழி குறைவுதான். வெயில் அடித்ததா என்பதிலேயே சந்தேகம் உண்டு, அன்றைய போட்டோக்களில் தரை ஈரமாக இருக்கிறது.

பார்த்துவிட்டுச் சொன்னாள் என்றால் அது ஒரு விஷயம். பார்க்காமலே சொன்னாள் என்றால் வேறு விஷயம். இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டே வந்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போயிருக்கிறேன்.

அப்பாவுக்கு லாண்டரிக் கடை. பலகையில்தான் லாண்டரி. துவைப்பதை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது, தேய்ப்பது மட்டும்தான். கடைத்தெருவின் நடுவில், சலூனுக்கும் மருந்துக்கடைக்கும் இடையில், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியை ஒட்டியே தேய்க்கிற மேஜை. தெருவில் போகிறவர்களுக்கு அப்பாவின் நெஞ்சும் கையும் எப்போதும் தெரியும். அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காரவே மனசு வராது என்பார்கள். ஒரு காலரைக்கூடக் கருக்கியதில்லை.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வருவார். நிற்பார். "ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்" என்பார். திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து, சுவரில் பிளக் இல்லையே என்று பார்ப்பார். இஸ்திரிப் பெட்டியின் அடியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பூட்டுவார். மறுபடி தெருமுனை. சில நாள் அதோடு சரி. சில நாள் இன்னொரு தடவை, அதற்குமேல் இன்னொரு தடவை. அம்மா இதற்குப் பழகிப்போய், அவர் கிளம்பிவிட்டதாகப் போன் செய்த பிறகுதான் அரிசியைக் களைந்து அடுப்பில் வைப்பாள். "கல்யாணத்தன்னைக்கே நடுவுல எழுந்து போயிட்டாரு. ஓடிட்டாரோன்னு நெனச்சேன். அப்பவே ஓடியிருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேன்" என்பாள். அப்பா சிரிப்பார்.

பழக்கத்தின் காரணம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. அவர் தங்கைக்கு ஐந்து. அவர்களுடைய பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வாடகைக்கு ஒற்றை அறை. ஒருநாள் காலையில் தரையில் கம்பளியை மடித்துப் போட்டுத் தங்கையின் பள்ளிச் சீருடையைத் தேய்த்திருக்கிறார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்தால் பசிக்குமே என்று, தேய்த்ததைப் பாதியில் விட்டுவிட்டு ரொட்டி வாங்கக் கிளம்பினார். தெருமுனைக்கு வந்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தோமா என்று ஒரு யோசனை. திரும்பி ஓடினார். கதவைத் திறந்தால் புகை. உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவளுடைய வலது கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது.

அந்தத் தங்கைதான் அத்தை. எழுத்தாளர். குழந்தைகளுக்கு எழுதுகிறவள். முழுக்கை இல்லாத சட்டையில் அவளை நான் பார்த்ததே கிடையாது. பெரிய ஊரில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. புதுப் புத்தகம் வந்தால் தபாலில் ஒன்று வரும், அதுவும் கொஞ்ச காலமாக நின்றுபோயிருந்தது.

அந்த வருஷம் எங்கள் ஊர் நூலகத்துக்குப் புதிதாக வந்த நூலகர் அம்மாள் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஊர் முழுக்க ஒரே புத்தகத்தைப் படிக்கவேண்டும். சின்னவர், பெரியவர், படிப்பு வராதவர் எல்லாரும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி நன்றாகவே இருந்தது. படக்கதைப் புத்தகம் ஒன்றைப் பிரித்துப் பெரிதாக்கி, கடைத்தெருவில் கடைக்கு ஒரு பக்கமாகக் கண்ணாடியில் ஒட்டிவிடுவது. தெருவின் ஒரு முனையில் கதை ஆரம்பிக்கும், மறுமுனையில் முடியும். படித்துக்கொண்டே நடந்தால் போதும். ஒரு மாதம் இப்படி. கடைசியில் எழுத்தாளரே வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தெருவில் நடந்து, ஒவ்வொரு கடை வாசலிலும் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுவார்.

புத்தகத்தின் பெயர் 'மறுபடி மாமா'. எழுதியது அத்தை.

அப்பாவுக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லவேண்டும். நோட்டீஸில் அத்தையின் போட்டோவைப் பார்த்ததும் கடையைச் சலூன்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நேராக நூலகத்துக்குப் போனார். "இது என் தங்கச்சிங்க" என்றிருக்கிறார். நூலகர் அம்மாள் முகம் மலர்ந்து, "அப்படின்னா நீங்கதானா அது!" என்றாராம். எது என்று அப்பா கேட்கவில்லை. எழுத்தாளரின் அண்ணனா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

"தங்கச்சி பெரிய ஆளு. அண்ணன் பாரு, இங்க அடுத்தவன் பேண்ட்ல கோடு போட்டுட்டு இருக்காரு" என்றார் சலூன்காரர்.

"நீ மட்டும் என்ன? அடுத்தவன் தலையில கோடு போடற."

"நான் போடற கோடு ஒரு மாசம் நிக்கும். உங்க கோடு உக்காந்தா போச்சு."

இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். வேறு நண்பர்கள் அப்பாவுக்கு இல்லை.

பக்கம் ஒட்டிய அன்று நூலகர் அம்மாளே பசையும் தூரிகையுமாக வந்தார். "உங்களுக்குன்னே இத எடுத்து வச்சேன் சார். வேற யாருக்கும் குடுக்கல" என்றார். அப்பா கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, பிறகு பழைய பேப்பரால் துடைத்துக் கொடுத்தார். ஒரு கஸ்டமர் காத்திருந்ததால் உடனே மேஜைக்குத் திரும்பிவிட்டார். நூலகர் அம்மாள் வெளியிலிருந்து ஒட்டினார். படம் தெருவைப் பார்த்து இருந்தது. உள்ளே நின்ற அப்பாவுக்குத் தெரிந்தது தாளின் வெள்ளை முதுகுதான்.

அன்று முழுவதும் ஆட்கள் வந்து நின்று படித்தார்கள். படித்துவிட்டுத் தாளுக்கு மேலாக எட்டி அப்பாவைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். அப்பாவும் பதிலுக்குச் சிரித்தார். ஒருத்தர் கை ஆட்டினார், இவரும் ஆட்டினார். தங்கச்சி எழுதினதைப் படித்துவிட்டு இத்தனை பேர் சிரிக்கிறார்களே என்று பகலில் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாராம்.

நான் அப்போது ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்த்தேன். சாயங்காலம் வேலை முடிந்து கடைப்பக்கம் வந்தபோது அம்மாவும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டாள். இருவரும் கண்ணாடிக்கு முன்னால் நின்று படித்தோம்.

படத்தில் முட்டைக்கண்ணும் பெரிய காதுமாக ஒரு ஆள், பொத்தான் மாறிப் போட்ட சட்டையில், தெருமுனையிலிருந்து திரும்பி ஓடுகிறார். பின்னால் மணமகனும் மணமகளும் காத்திருந்து காத்திருந்து தலை நரைத்துவிட்டார்கள். கீழே எழுதியிருந்தது: மறுபடி மாமா நின்றார். "ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்!" என்றார். ஓடினார். இஸ்திரிப் பெட்டியைப் புறங்கையால் தொட்டார். ஐஸ் மாதிரி இருந்தது! பெட்டியே கேட்டது: "மாமா, உனக்கு வேற வேலையே இல்லையா?"

முகம் அப்பாவுடையது அல்ல. ஆனால் அந்தப் புறங்கை அவருடையது. யாராவது உட்கார்ந்து யோசித்து அதை எழுதிவிட முடியாது. கூடவே இருந்து பார்த்தால்தான் உண்டு.

 அம்மா தாளின் மேல்மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பினாள். அது கண்ணில் பட்டு அப்பா வெளியே வந்தார். "என்ன பண்ற?"

"நீங்க படிச்சீங்களா இத?"

அப்பா படித்தார். அவர் மெதுவாகப் படிக்கிறவர். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. படித்து முடித்த பிறகும் தாளுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.   சலூன் வாசலில் சலூன்காரர் நின்றிருந்தார். அவர் காலையிலேயே படித்திருக்கவேண்டும், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மறுபடி மூலையைப் பிடித்தாள்.

"கிழிக்காத" என்றார் அப்பா.

"பின்ன? மாசம் பூரா இது இங்க தொங்கணுமா? உங்க மூஞ்சிக்கு நேரா?"

"நடுவுல ஒரு பக்கம் இல்லன்னா பசங்களுக்குக் கதை புரியாது."

கிளம்பியிருந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் நான் நூலகத்திலிருந்து முழுப் புத்தகத்தையும் எடுத்து வந்து படித்தேன். மாமா திரும்பிப் போகிறார், கல்யாணத்தைத் தவறவிடுகிறார், ரயிலைத் தவறவிடுகிறார், தன் பிறந்தநாளையே தவறவிடுகிறார். கடைசியில் ஊர்க் குழந்தைகள் சேர்ந்து இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு கயிறு கட்டி நாய்க்குட்டி மாதிரி அவரோடு அனுப்பி வைக்கிறார்கள். நல்ல புத்தகம். யார் என்று தெரியாமல் படித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். தீ மட்டும் இல்லை. ஓரிடத்தில்கூட, ஒரு சின்னப் புகைகூட இல்லை.

கடைத்தெருவில் அப்பாவின் பெயர் மாறிப்போயிற்று. மறுபடி மாமா. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கடைக்கு எதிரில் காத்திருப்பார்கள். அவர் பூட்டிவிட்டுத் தெருமுனைக்கு வரும்வரை சத்தமே இருக்காது. அவர் நின்றதும் கோரஸாக, "ஒரே ஒரு தடவ!" அப்பா சில நாள் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போவார். அவரால் போகாமல் இருக்க முடியாது.

பிள்ளைகளை அவர் பொருட்படுத்தவில்லை. பெரியவர்கள்தான். வெகுகாலமாகத் துணி போடுகிற ஒரு அம்மா வந்து, தேய்க்காத கோட்டைத் திருப்பிக் கேட்டார்.

"ஏம்மா, நாளைக்குத்தானே வேணும்னீங்க?"

"இல்லப்பா, விலை ஒசந்த கோட்டு. நீ பாட்டுக்கு மறந்துகிறந்து பெட்டிய அதுமேல வச்சுட்டேன்னா..."

"நான் மறந்ததில்லைம்மா. மறக்கக்கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்து அப்பா நிறுத்திக்கொண்டார். கோட்டை மடித்துக் கொடுத்தார். அந்த அம்மா வாசலில் இறங்கியதும் மருந்துக்கடைக்காரரிடம், தலையைக் காட்டி ஏதோ கையசைவு செய்தார். கண்ணாடிக் கடை. எல்லாம் தெரியும்.

"காரணத்த சொல்லித் தொலையுங்களேன்" என்றாள் அம்மா. "அன்னைக்குத் திரும்பிப் போனதாலதான் இன்னைக்கு அவ உக்காந்து கதை எழுதறா. ஊருக்கே சொல்லுங்க. நான் வேணா மைக் வச்சு சொல்றேன்."

"அது அவ கை" என்றார் அப்பா. "இத்தனை வருஷம் மூடி வச்சிருக்கா. நான் எப்படி அத ஊர்ல சொல்றது?"

அன்று சாயங்காலம் அத்தைக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "நல்லாயிருக்கியா?... படிச்சேன், படிச்சேன். நல்லா எழுதியிருக்க... சேச்சே, அதெல்லாம் இல்ல. கோவம் என்ன கோவம்... ஒண்ணே ஒண்ணு. வர்ற அன்னைக்குப் பசங்க யாராச்சும் கேப்பாங்க, மாமா ஏன் திரும்பித் திரும்பிப் போறாருன்னு. அப்போ ஏன்னு மட்டும் சொல்லிடு. உன் கையின்னு சொல்லவேண்டாம். ஒரு பாப்பா இருந்துச்சு, தீப்புடிச்சுதுன்னு சொல்லு, போதும்... சரி. சரிம்மா. சாப்டியா?"

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "சொல்றேன்னுட்டா" என்றார்.

அதற்குப் பிறகு அந்த நாளுக்காகக் காத்திருந்தார். பிள்ளைகள் கத்தினால், "இருங்கடா, எழுத்தாளர் வரட்டும், கேளுங்க அவங்கள" என்பார். துணியைத் திருப்பிக் கேட்டு வந்தவர்களிடமும், "அன்னைக்கு வாங்க, கட்டாயம் வாங்க" என்றார்.  ஒரு மனுஷர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கையைப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும்.

அத்தை வந்த அன்று கடைத்தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அப்பா தன்னுடைய சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். தேய்க்கிறவர் கை தன் சட்டைக்கு எப்போதும் கடைசியில்தான் வரும், அதனால் எனக்கு அது புதிதாக இருந்தது. கூட்டம் தெருவின் மேல்முனையில் ஆரம்பித்துக் கடை கடையாக வந்தது. அத்தை வெளிர்நீலத்தில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருந்தாள். நன்றாகப் படித்தாள். குரலை மாற்றி மாற்றி, பிள்ளைகளின் தோளில் கைவைத்து, இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு மூக்கடைத்த குரல் கொடுத்து. சலூன் வாசலில் படித்தபோது சலூன்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

எங்கள் கடைக்கு வந்தார்கள். அப்பா உள்ளே மேஜைக்குப் பின்னால் நின்றார். நூலகர் அம்மாள்தான் அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தார். தாளும், அதற்கு மேலே அப்பாவின் முகமும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று. அத்தை கண்ணாடி வழியாக அவருக்குக் கை கூப்பினாள். எல்லாக் கடைக்காரர்களுக்கும் கூப்பினாள், அவருக்கும் கூப்பினாள். பக்கத்தைப் படித்தாள். தெருவே சிரித்தது.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் நூலகர் அம்மாள்.

முன்வரிசையில் இரண்டு சடை போட்ட ஒரு சின்னப்பெண் கை தூக்கினாள். "இவருதானே மறுபடி மாமா? உங்க அண்ணன்தானே?"

"எல்லாரோட அண்ணனும் கொஞ்சம் மறுபடி மாமாதான் கண்ணு" என்றாள் அத்தை. கைதட்டல்.

அந்தப் பெண் விடவில்லை. "ஏன் அவரு திரும்பித் திரும்பிப் போறாரு?"

அப்பா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதவு திறந்துதான் இருந்தது. அவருக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு படி மட்டும்.

இந்த இடத்தில்தான் அவள் அவரைப் பார்த்தாள். அல்லது பார்க்கவில்லை.

"அதுதானே வேடிக்கை!" என்றாள். "காரணமே கிடையாது. சும்மா போறாரு. காரணம் இருந்தா நாம எப்படிச் சிரிக்கறது?"

நல்ல பதில். பெரியவர்கள் தலையாட்டினார்கள். நூலகர் அம்மாள், "என்ன அழகா சொன்னீங்க" என்றார். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து, "சார், நீங்க வெளிய வந்து அந்த ஒரு வரிய மட்டும் சொல்லுங்க. உங்க வாயால கேட்டா பசங்களுக்கு சந்தோஷம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு மரியாதை செய்வதாகவே கடைசிவரை நினைத்திருந்தார்.

"மறுபடி! மறுபடி!" என்று பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள்.

அப்பா சுவிட்சை அணைத்தார். சிரிப்பு. பிளக்கைப் பிடுங்கினார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். அத்தையைப் பார்த்தார்.  இவர் நடிக்கத் தயாராகிறார் என்று நினைத்து எல்லாரும் அமைதியானார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அத்தையின் இடதுகை வலது மணிக்கட்டின் பொத்தானுக்குப் போயிற்று, போட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா சொன்னார். "ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

சத்தமாக, தெளிவாக, மேடை நடிகர் மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய், தொங்குகிற துணிகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். கைதட்டல் நிற்கவே இல்லை. வருவார் வருவார் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். வரவில்லை. அதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு இன்னும் கைதட்டினார்கள். கூட்டம் மருந்துக்கடைக்கு நகர்ந்தது. நான் உள்ளே போய்ப் பார்த்தபோது அப்பா யாருடைய சட்டைகளுக்கோ நடுவில், சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அம்மா அவர் முதுகில் கைவைத்திருந்தாள்.

சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்தாள். கார் வெளியில் நின்றது, ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தவில்லை. அம்மா தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள். "ஏன் சொல்லல?"

"அண்ணி, குழந்தைங்க நிகழ்ச்சி அது. அங்க போய் தீயி, பொகைன்னு..."

"சொல்றேன்னு சொன்னியே. ஒரு மாசமா இந்த மனுஷன் அதுக்குத்தானே உக்காந்திருந்தாரு."

அத்தை தம்ளரைக் கீழே வைத்தாள். "மொதல்ல அத வச்சுத்தான் எழுதினேன் அண்ணி. ரெண்டு வருஷம் எழுதினேன். படிச்சவங்க யாரும் சிரிக்கல. என்னாலயும் முடியல." அப்பாவைப் பார்க்காமலே பேசினாள். "அண்ணன் ஒவ்வொரு தடவ எழுந்து போறப்பவும் என் கையப் பாத்துட்டுத்தான் போவாரு. சாப்பாட்டு நடுவுல, படிக்கறப்ப, விளையாடறப்ப. நான் மறந்திருப்பேன். மறக்க விட்டாத்தானே? ஒரு தடவையாவது அது எனக்குச் சிரிப்பா இருக்கட்டும்னு எழுதினேன். உங்களுக்கு அது புரியாது."

"புரியுது" என்றாள் அம்மா. "உனக்குச் சிரிப்பு வேணும், அதுக்கு இவரு தலை போகணும்."

"விடு" என்றார் அப்பா அம்மாவிடம். பிறகு அத்தையிடம், "கார் நிக்குது. கிளம்பும்மா, இருட்டிடும்" என்றார். அத்தை எழுந்தாள். அண்ணா என்று ஏதோ ஆரம்பித்தாள். அப்பா வாசல் வரை போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டார். கை ஆட்டினாரா என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் நூலகர் அம்மாள் கடைக்காரர்கள் எல்லாருக்கும் அத்தை கையெழுத்திட்ட புத்தகம் ஒன்று கொடுத்தார். எங்களுடையதில், 'கதைக்குச் சுவர் தந்த கடைக்காரருக்கு அன்புடன்' என்று எழுதியிருந்தது. சலூன்காரர் தன்னுடையதைப் பிரித்துப் பார்த்தார். அதிலும் அதேதான்.

"ஒண்ணா உக்காந்து மொத்தமா போட்டிருக்கும் அண்ணே. கை வலிச்சிருக்கும்" என்றார் அவர், ஆறுதலாகத்தான்.

"ஆமா. வலது கை" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அப்பா தெருமுனையிலிருந்து திரும்பிப் போவதை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் சில நாள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கலைந்துபோனார்கள். குணமாகிவிட்டது, புத்தகம் குணப்படுத்திவிட்டது என்று நூலகர் அம்மாள் யாரிடமோ சொன்னாராம். உண்மை வேறு. கடையைப் பூட்டும்போது இஸ்திரிப் பெட்டியைப் பழைய துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இன்னும் சூடு ஆறியிருக்காது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வார். கால்சட்டைக்கு உள்ளே தொடையில் எப்போதும் ஒரு சிவப்புத் தடம் இருந்தது என்று அம்மா சொல்வாள். வீட்டில் அதைச் சமையலறை மேடையில், தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தி வைப்பார். புத்தகத்தில் குழந்தைகள் பெட்டிக்குக் கயிறு கட்டி அவரோடு அனுப்பியது எனக்கு ஞாபகம் வந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அவர் முழுப் புத்தகத்தையும் படித்தாரா என்று எனக்குத் தெரியாது.

திட்டம் அடுத்த வருஷமும் வேறொரு புத்தகத்தோடு நடந்தது. கண்ணாடியில் பக்கம் ஒட்ட அப்பா இடம் கொடுத்தார். அதற்கடுத்த வருஷம் நூலகர் அம்மாளுக்கு மாற்றலாகி, திட்டம் நின்றுவிட்டது. அவர் இப்போது ஓய்வு பெற்றுத் தன் மகனோடு இருக்கிறார். 'மறுபடி மாமா' பள்ளிப் பாடமானது. அத்தை அதற்கு இரண்டாம் பாகம் எழுதினாள், மூன்றாம் பாகம் எழுதவில்லை. வெளிநாட்டில் மகளோடு இருக்கிறாள், அம்மாவோடு மாதம் ஒரு தடவை போனில் பேசுகிறாள், முட்டிவலி பற்றியும் மருந்து பற்றியும். அப்பா மேலும் ஒன்பது வருஷம் கடை நடத்தினார். நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் இறந்தார். அத்தை வந்திருந்தாள், முதல்நாள் மட்டும் இருந்துவிட்டுப் போனாள். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுதுபார்க்கிறார்கள். சலூன்காரருக்குக் கண் சரியில்லை, கத்தரிக்கோலை மருமகனிடம் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா என்னோடு இருக்கிறாள். நான் அதே பல் மருத்துவமனையில் இருக்கிறேன்.